11 பேர் தொடங்கிய சங்கம்

புற்றுநோய் விஞ்ஞானிகள் ஆண்டு முழுவதும் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய பட்டணம் இருக்கிறது. அங்கே ஏரிக்கரை ஓரமாக "மெக்கார்மிக் பிளேஸ்" என்ற மகாநாட்டு மண்டபம் உள்ளது. அதை மண்டபம் என்று சொல்வதைவிட, ஓர் ஊர் என்றே சொல்லலாம். அவ்வளவு பெரியது!

2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ந் தேதி முதல் 30-ந் தேதி வரை அந்த மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பல நாடுகளில் இருந்து டாக்டர்களும், விஞ்ஞானிகளும், மாணவர்களும் வந்து குவிந்தார்கள். சுமார் 20 ஆயிரம் பேர்!

அங்கே பாட்டுக் கச்சேரி இல்லை. வாணவேடிக்கை இல்லை. காலை முதல் மாலை வரை ஒரே பேச்சு. அதுவும் ஒரே நோயைப் பற்றிய பேச்சு.

அந்த நோய், புற்றுநோய்.

கூட்டத்தை நடத்தியது "அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம்". இப்படி ஒரு கூட்டத்தை ஆண்டுதோறும் அது நடத்துகிறது.

"வருஷம் தவறாமல் கூடிப் பேசுகிறார்களே, பேசினால் நோய் தீருமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்தச் சங்கத்தின் கதை தெரிய வேண்டும்.

ஓட்டல் அறையில் பிறந்தது

1907-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனில் "வில்லார்டு" என்ற ஓட்டலில் 11 பேர் கூடினார்கள். எல்லோரும் டாக்டர்கள், விஞ்ஞானிகள்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் மரண ஓலை வந்ததாகவே அர்த்தம். கத்தியால் அறுத்து எடுப்பது ஒரு வழி. எக்ஸ்ரே கதிரும் ரேடியமும் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. அவற்றை எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது சரியாகத் தெரியாது. நோய் எதனால் வருகிறது என்பதும் தெரியாது.

ஆராய்ச்சி செய்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தார்கள். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் செய்த தவறையே இன்னொருவரும் செய்வார்.

"ஒன்றாகக் கூடுவோம். கண்டதைச் சொல்லுவோம். தவறு இருந்தால் திருத்துவோம்" என்பதே அந்த 11 பேரின் நோக்கம். அப்படிப் பிறந்தது இந்தச் சங்கம்.

இன்று அதில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நூற்றுக்கும் அதிகமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். தலைமை நிலையம் பிலடெல்பியா நகரில் இருக்கிறது.

எதிரும் புதிருமாக இருவர்

அந்த 11 பேரில் ஒருவர் டாக்டர் வில்லியம் கோலி. நியூயார்க்கில் ரண சிகிச்சை செய்தவர்.

வாலிபராக இருந்தபோது, புற்றுநோயால் ஓர் இளம்பெண் இறந்ததைக் கண்டு அவர் மனம் உடைந்தார். பழைய ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். ஒரு குறிப்பு அவரைத் திடுக்கிட வைத்தது.

ஒரு நோயாளிக்குக் கழுத்தில் கட்டி. பல முறை அறுத்தும் மீண்டும் வளர்ந்தது. பிறகு, தோலைச் சிவக்க வைக்கும் ஒரு காய்ச்சல் நோய் அவருக்கு வந்தது. காய்ச்சல் போனது. கூடவே கட்டியும் மறைந்துவிட்டது!

கோலி சும்மா இருக்கவில்லை. நியூயார்க் நகரில் தேடி அலைந்து அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். ஆண்டுகள் பல கழிந்தும் அவர் நலமாக இருந்தார்.

"காய்ச்சல் வந்தால் உடம்பு விழித்துக்கொள்கிறது. விழித்த உடம்பு கட்டியையும் சேர்த்து அழிக்கிறது" என்று கோலி நினைத்தார். 1891-ம் ஆண்டு முதல், கிருமிகளையும் கிருமிச் சத்தையும் ஊசி மூலம் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் குணம் கண்டது. பலருக்குப் பலன் இல்லை. எதனால் என்று அவரால் விளக்க முடியவில்லை.

அந்த 11 பேரில் இன்னொருவர் டாக்டர் ஜேம்ஸ் ஈவிங். எலும்பில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. பெரிய மேதை. ரேடியம் சிகிச்சையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். கோலியின் ஊசியை அவர் ஏற்கவே இல்லை.

இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். ஒரே சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால், கருத்தில் கீரியும் பாம்பும்!

கோலி 1936-ல் இறந்தார். அவருடைய ஊசியும் மெல்ல மெல்ல மறைந்தது. "கோலி தோற்றார், ஈவிங் வென்றார்" என்றே அப்போது எல்லோரும் நினைத்தார்கள். கதை அத்துடன் முடியவில்லை.

55 ஆண்டு காத்திருந்தவர்

இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும்.

பெய்ட்டன் ரவுஸ் என்ற விஞ்ஞானி நியூயார்க்கில் கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். ஒரு கோழியின் மார்பில் கட்டி. அந்தக் கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் புகாதபடி மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். வடித்த நீரை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அந்தக் கோழிக்கும் கட்டி வந்தது!

வடிகட்டியில் புகுந்து வரக்கூடிய ஒன்று, அதாவது வைரஸ் கிருமி, புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. 1911-ல் அவர் இதை வெளியிட்டார்.

பெரும்பாலோர் நம்பவில்லை. "கோழிக்கு வந்தால் மனிதனுக்கு என்ன?" என்று ஒதுக்கினார்கள்.

1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87. கண்டுபிடித்து 55 ஆண்டுகள் ஆகிவிட்டன!

பிற்காலத்தில் மனிதர்களிடமும் அப்படிப்பட்ட கிருமிகள் இருப்பது தெரிந்தது. பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று கண்ட ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது.

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்று கிராமத்தில் சொல்வார்கள். புற்றுநோய் ஆராய்ச்சி பனை மரம். வைத்தவருக்குப் பலன் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. ஆனாலும் யாராவது வைக்கத்தான் வேண்டும். யாராவது தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் வேலையைத்தான் இந்தச் சங்கம் செய்கிறது.

ஒரு வருஷத்து வேலை

ஏப்ரல் மாதக் கூட்டம்தான் வெளியே தெரிகிறது. ஆனால், வேலை 12 மாதமும் நடக்கிறது.

இலையுதிர் காலத்திலேயே அடுத்த கூட்டத்துக்கு ஏற்பாடு தொடங்கிவிடும். விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியை ஒரு சிறு சுருக்கமாக எழுதி அனுப்ப வேண்டும். பல ஆயிரம் சுருக்கங்கள் வந்து சேரும். அவற்றை நிபுணர்கள் படித்து, எதை ஏற்பது, எதை மேடையில் பேசச் சொல்வது என்று முடிவு செய்வார்கள்.

அக்டோபர் மாதம், ஐரோப்பிய நிபுணர்களோடும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தோடும் சேர்ந்து, புது மருந்துகளைப் பற்றி ஒரு மகாநாடு நடக்கும். ஓர் ஆண்டு ஐரோப்பாவில். மறு ஆண்டு அமெரிக்காவில்.

டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அண்டோனியோ நகரில் மார்பகப் புற்றுநோய்க்கு என்றே தனிக் கூட்டம். அதிலும் இந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு.

ஏப்ரலில் பெரிய கூட்டம். மே மாதம், பொதுமக்களுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியைப் பற்றி எடுத்துச் சொல்லும் மாதம். செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியாகும். ஓர் ஆண்டில் என்ன முன்னேற்றம், எந்த மருந்துக்கு அனுமதி, எங்கே இன்னும் தோல்வி என்று அதில் இருக்கும். 2011-ம் ஆண்டு முதல் இந்த அறிக்கை வருகிறது.

அதே செப்டம்பரில் விஞ்ஞானிகளும் நோயாளிகளும் வாஷிங்டன் போய், சட்டசபை அங்கத்தினர்களை நேரில் பார்த்து, "ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள்" என்று கேட்கிறார்கள்.

இவை தவிர, சங்கம் 10 விஞ்ஞானப் பத்திரிகைகளை நடத்துகிறது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பணஉதவி கொடுக்கிறது. பயிற்சி முகாம் நடத்துகிறது.

தட்டிகளின் சந்தை

ஏப்ரல் கூட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வரிசை வரிசையாகத் தட்டிகள் நிற்கும். ஒவ்வொரு தட்டியிலும் ஒரு பெரிய காகிதம் ஒட்டி இருக்கும். அதில் படங்கள், கோடுகள், கணக்குகள். பக்கத்தில் ஓர் இளைஞரோ, இளம்பெண்ணோ நிற்பார்.

அவர் செய்த ஆராய்ச்சி அந்தக் காகிதத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் நின்று படிப்பார்கள். கேள்வி கேட்பார்கள். வாரச் சந்தையைப்போல இரைச்சலாக இருக்கும்.

கேட்கிறவர் பெரிய பேராசிரியராக இருக்கலாம். நோபல் பரிசு பெற்றவராகவும் இருக்கலாம். "இந்தக் கணக்கு சரியா? இதை வேறு எலியில் செய்து பார்த்தாயா?" என்பார். இளைஞருக்கு வியர்க்கும். ஆனால், அந்த ஒரு கேள்வியால் இரண்டு வருஷ வேலை மிச்சம் ஆகலாம்.

11 பேர் 1907-ல் ஆசைப்பட்டது இதைத்தான்.

2020-ல் கொரோனா நோய் பரவியபோது, ஊர் கூடிக் கூட்டம் நடத்த முடியவில்லை. சங்கம் கூட்டத்தை நிறுத்தவில்லை. இணையம் மூலம், கட்டணம் இல்லாமல் நடத்தியது. வீட்டில் இருந்தபடியே பல நாட்டார் பார்த்தார்கள்.

நோயாளிக்கும் நாற்காலி

இந்தக் கூட்டத்துக்கு நோயாளிகளும் வருகிறார்கள். புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள், அதற்கு உறவினரைப் பறிகொடுத்தவர்கள் ஆகியோரைச் சங்கமே அழைக்கிறது. விஞ்ஞானிகளோடு உட்கார வைக்கிறது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

சில விஞ்ஞானிகள் வாழ்நாள் முழுவதும் எலியையும் கண்ணாடிக் குழாயையும் மட்டுமே பார்த்து இருப்பார்கள். ஒரு நோயாளியோடு பேசியே இருக்க மாட்டார்கள். இங்கே அவர்கள் முன்னால் ஒரு தாய் எழுந்து, "இந்த மருந்தால் கை கால் மரத்துப் போகிறதே, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லையே, அதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் வராது.

சிகாகோவில் வந்த செய்தி

இனி, சிகாகோ கூட்டத்துக்கு வருவோம். 2025-ல் அங்கே வெளியான இரண்டு செய்திகள் முக்கியமானவை.

உடம்பில் நோயோடு போரிடும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவை ஊர்க்காவலரைப்போல. புற்றுநோய் அணு தந்திரம் மிக்கது. "நானும் உன் ஆள்தான்" என்று பொய் அடையாளத்தைக் காட்டிக் காவலரை ஏமாற்றிவிடும். அந்த ஏமாற்றை முறியடிக்கும் மருந்துகள் இப்போது வந்து இருக்கின்றன. மருந்து நேராகக் கட்டியைக் கொல்வது இல்லை. காவலரின் கண்ணைத் திறந்துவிடுகிறது. காவலர் மற்றதைப் பார்த்துக்கொள்கிறார். இந்த வழியைக் கண்டவர்கள் அமெரிக்காவின் ஜேம்ஸ் அல்லிசன், ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ. 2018-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முதல் செய்தி, வாய், தொண்டை முதலிய இடங்களில் வரும் புற்றுநோயைப் பற்றியது. 714 நோயாளிகளைக் கொண்டு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆபரேஷனும், கதிர் சிகிச்சையும். மற்றப் பகுதியினருக்கு அவற்றோடு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் "பெம்ப்ரோலிசுமாப்" என்ற மருந்து.

வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்த காலம் சுமார் 30 மாதம். மருந்தும் சேர்ந்தவர்களுக்குச் சுமார் 52 மாதம். 2025 ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது.

இந்தியாவில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். எனவே, சிகாகோவில் சொன்ன சொல் இங்கேயும் காதில் விழ வேண்டிய சொல்.

இரண்டாவது செய்தி, குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலில் வரும் புற்றுநோய். ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள 49 பேருக்கு இதே வகையைச் சேர்ந்த வேறொரு மருந்து கொடுத்தார்கள். 49 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆபரேஷனே தேவைப்படவில்லை! மலக்குடலில் ஆபரேஷன் என்றால், வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழ நேரலாம். அந்தத் துன்பம் அவர்களுக்கு இல்லாமல் போனது.

இந்தச் சோதனையை நடத்தியது நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் நினைவு ஆஸ்பத்திரி. அது எந்த ஆஸ்பத்திரி தெரியுமா? 100 ஆண்டுகளுக்கு முன் டாக்டர் கோலியும், டாக்டர் ஈவிங்கும் மோதிக்கொண்ட அதே ஆஸ்பத்திரி!

"உடம்பு விழித்துக்கொண்டால் கட்டியை அழிக்கும்" என்று கோலி சொன்னது பொய் இல்லை. அவர் பனை வைத்தார். பழம் பறித்தவர்கள் வேறு ஆட்கள்.

எல்லாவற்றையும் நம்பலாமா?

இதைப் படித்துவிட்டு, "புற்றுநோய் ஒழிந்தது" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அந்த 49 பேரும் தனி வகை. மலக்குடல் புற்றுநோய் வந்தவர்களில் அந்தக் கோளாறு உள்ளவர்கள் சிறு பகுதியினர்தான். மற்றவர்களுக்கு அந்த மருந்து அப்படி வேலை செய்யாது.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய சோதனைகள் பலவற்றுக்கு மருந்துக் கம்பெனிகளே பணம் போடுகின்றன. வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் அப்படித்தான். பணம் போட்டவர் லாபம் எதிர்பார்ப்பார். அதனால்தான், யாரிடம் பணம் வாங்கினோம் என்பதை விஞ்ஞானிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது.

ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைத்த முடிவுகளிலும் ஓட்டை உண்டு. 2012-ல் ஒரு மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். புற்றுநோயைப் பற்றிய பெயர்பெற்ற 53 ஆராய்ச்சிகளை அவர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். 6 மட்டுமே மீண்டும் அதே முடிவைக் கொடுத்தன! விஞ்ஞான உலகம் அதிர்ந்து போனது.

விலையும் ஒரு பிரச்சினை. புது மருந்துகள் ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. மருந்து இருந்தும் வாங்க முடியாவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு மருந்து இல்லாத மாதிரிதான்.

ஆகவே, கூட்டத்தில் சொன்ன உடனே எதுவும் வேதவாக்கு ஆகிவிடாது. அது முதல் செய்தி. அதைப் பிறர் சோதித்து, ஆண்டுகள் கடந்து நின்றால்தான் உண்மை. பலர் முன்னால் சொல்வதால் தவறு சீக்கிரம் வெளியே வருகிறது. கூட்டத்தின் பெரிய பயன் அதுதான்.

கத்தரிக்கோல் வந்தது

சிகாகோவில் கூடியவர்கள் முகத்தில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. கவலையும் இருந்தது. காரணம், பணம்.

கம்பெனிகள் மருந்தாக மாறக்கூடிய ஆராய்ச்சிக்குத்தான் பணம் கொடுக்கும். கோழிக் கட்டியை வடிகட்டிப் பார்ப்பதற்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? அந்த மாதிரி அடிப்படை ஆராய்ச்சியைச் சர்க்கார்தான் தாங்க வேண்டும்.

அமெரிக்க சர்க்கார் 1971-ல் புற்றுநோய்க்கு எதிராக ஒரு தனிச் சட்டமே செய்தது. பணம் வாரி வழங்கியது. பலனும் கிடைத்தது. 1991-ல் இருந்து 2022-க்குள் அமெரிக்காவில் புற்றுநோய்ச் சாவு விகிதம் 34 சதவீதம் குறைந்தது. 1971-ல் புற்றுநோய் வந்தும் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். 2025 தொடக்கத்தில் அது 1 கோடியே 86 லட்சம்!

ஆனால், 2025-ம் ஆண்டில் ஜனாதிபதி டிரம்பின் சர்க்கார் கத்தரிக்கோலை எடுத்தது. பல ஆராய்ச்சிகளுக்குக் கொடுத்து வந்த பணம் நடுவில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில், தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கு ஏறக்குறைய 720 கோடி டாலராக இருந்த தொகையைச் சுமார் 450 கோடி டாலராகக் குறைக்க வேண்டும் என்று யோசனை சொல்லப்பட்டது.

"வீண் செலவைக் குறைக்க வேண்டும். மக்கள் வரிப்பணம் ஒழுங்காகச் செலவாக வேண்டும்" என்பது சர்க்கார் கட்சியின் வாதம். அது தவறான ஆசை இல்லை. சில ஆராய்ச்சிகள் பயன் இல்லாமல் போகின்றன என்பதும் உண்மை.

ஆனால், எது பயன் தரும், எது தராது என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? கோலியின் ஊசி வீண் என்று சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பெரிய மேதை ஈவிங்! அவரே தவறினார் என்றால், கத்தரிக்கோல் பிடிக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

சங்கம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. இது அதற்குப் புதிது அல்ல. 2013-ல் சர்க்கார் செலவு வெட்டப்பட்டபோது, ஆண்டுக் கூட்டம் வாஷிங்டனில் நடந்துகொண்டு இருந்தது. விஞ்ஞானிகள் கூட்டத்தைவிட்டு வெளியே வந்து, நோயாளிகளோடு சேர்ந்து திறந்த வெளியில் பேரணி நடத்தினார்கள். செப்டம்பர்தோறும் சட்டசபைக்குப் போகும் வழக்கம் அதில் இருந்து வந்ததுதான்.

2025 ஜூலை மாதம், செனட் சபையின் பண ஒதுக்கீட்டுக் கமிட்டி கூடியது. வெட்டும் யோசனையை அது ஏற்கவில்லை. மாறாக, கொஞ்சம் கூட்டித் தர வேண்டும் என்று முடிவு செய்தது. அந்தக் கமிட்டியில் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். புற்றுநோய் கட்சி பார்த்து வருவது இல்லை அல்லவா!

விதைநெல்லைத் தின்னலாமா?

பணம் வெட்டப்பட்டால் பெரிய பேராசிரியர் பட்டினி கிடக்க மாட்டார். தட்டிப் பக்கத்தில் வியர்க்க விறுவிறுக்க நின்றாரே, அந்த இளைஞருக்குத்தான் முதல் அடி. அவருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஆராய்ச்சிக்கு வரும் பணத்தில்தான் சம்பளம். பணம் நின்றால், வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

அடுத்த ஆண்டு பணம் வரலாம். ஆனால், போனவர் திரும்ப மாட்டார். பயிர் வாடிய பிறகு மதகைத் திறந்து என்ன பயன்?

இன்று பஞ்சம் என்று விதைநெல்லைத் தின்றால், இந்த ஆண்டு வயிறு நிறையும். அடுத்த ஆண்டு வயலில் என்ன இருக்கும்? கத்தரிக்கோல் விழுந்ததன் நஷ்டம் உடனே தெரியாது. 20 ஆண்டு, 30 ஆண்டு கழித்து, வர வேண்டிய மருந்து வராமல் போகும். வராத மருந்துக்காக யாரும் அழ மாட்டார்கள். அப்படி ஒன்று வந்து இருக்கும் என்பதே தெரியாதே!

சென்னையில் படித்தவர்

ஆராய்ச்சியின் பலன் ஒரு நாட்டோடு நிற்பது இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களும் ஒரு நாட்டார் அல்ல.

ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். அவர் தலைமையில் தயாரான ஒரு மருந்தை, பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடின! 1948-ல் இந்தச் செய்தி வெளியானது.

அந்தக் குணம் சில மாதமே நின்றது. நோய் திரும்பி வந்தது. ஆனால், "மருந்தால் இந்த நோயை அடக்க முடியும்" என்று முதன்முதலாகத் தெரிந்தது. பிறகு வந்தவர்கள் மருந்தோடு மருந்து சேர்த்தார்கள். அளவை மாற்றினார்கள். இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் அந்த வகை ரத்தப் புற்றுநோயில், 100-க்குச் சுமார் 90 குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

சுப்பாராவ் 1948-லேயே இறந்துவிட்டார். அவரும் பனை வைத்தவர்தான்.

வீட்டுக்கு என்ன சேதி?

சங்கம் வெளியிடும் ஆண்டு அறிக்கையில் ஒரு விஷயம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் வரும் புற்றுநோய்களில், 100-க்கு 40, தவிர்க்கக்கூடிய காரணங்களால் வருகின்றன. புகையிலை, மது, அளவுக்கு மிஞ்சிய உடல் பருமன், சில கிருமிகள், கடும் வெயில் முதலியவை அந்தக் காரணங்கள்.

இதற்கு நோபல் பரிசு தேவை இல்லை. பல கோடி டாலரும் தேவை இல்லை. 1965-ல் அமெரிக்காவில் பெரியவர்கள் 100 பேரில் 42 பேர் புகைத்தார்கள். 2022-ல் சுமார் 12 பேர்தான். சாவு குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

புகையிலை மட்டும் அல்ல. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையம் சொல்லி இருக்கிறது. வாயில் புண் வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஆறாவிட்டால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டால், "வலிக்கவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் குணமாக்க முடிகிற நோய்கள் பல. முற்றிய பிறகு வந்தால், சிகாகோவில் கைதட்டல் வாங்கிய மருந்தும் கைவிட்டுவிடலாம்.

"கூடிப் பேசினால் நோய் தீருமா?" என்ற கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். பேசினால் மட்டும் தீராது. ஆனால், பேசாமல் இருந்தால் கோலியின் எண்ணம் கோலியோடு போய் இருக்கும். ரவுஸின் கோழி ரவுஸோடு போய் இருக்கும்.

1907-ல் ஓட்டல் அறையில் கூடிய 11 பேரும் இன்று இல்லை. அவர்களில் ஒருவர்கூட, 49 பேருக்குக் கட்டி மறைந்த செய்தியைக் கேட்கவில்லை. ஆனாலும், அவர்கள் போட்ட நாற்காலிகளில் ஆண்டுதோறும் யாரோ வந்து உட்காருகிறார்கள்.

அந்த நாற்காலிகள் காலியாகாமல் இருக்க வேண்டும்.